பத்துக்கு எத்தனை

அவளுக்கு எலி டாக்டர் என்று பெயர் வைத்தது யார் என்பதில் அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு கட்சி இருந்தது. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள் தாங்கள்தான் வைத்தோம் என்றார்கள். கூடப் படித்தவர்கள், எல்லோரும் அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர்கள், அது முதல் வருஷமே வைத்தாகிவிட்டது என்றார்கள். யார் வைத்தால் என்ன, பெயர் தோலோடு ஒட்டிக்கொண்டது. முப்பத்தேழு வயதில், காதோரம் நரை எட்டிப் பார்க்க, பயிற்சி டாக்டர்களின் வரிசையில் அவள் கடைசி ஆளாக நிற்பாள். புதிதாக வந்த நோயாளிகள் அவளைத்தான் தலைமை டாக்டர் என்று நினைத்து எழுந்து உட்காரப் பார்ப்பார்கள். வரிசையின் முன்னால் நிற்கிற பிள்ளைகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பார்கள்.

டாக்டர் பட்டம் அவளிடம் முன்பே ஒன்று இருந்தது. ஆராய்ச்சி செய்து வாங்கியது. அந்தப் பட்டத்தை அவளுடைய அம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை.

"என் பொண்ணு டாக்டர்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சுட்டேன். மேல் வீட்டுக்காரி முட்டி வலின்னு வந்து நிக்கிறா. நீ என்னடான்னா எலிக்கு வலிக்குதா இல்லையான்னு பார்த்துட்டு இருக்க. எலிக்கு வலிச்சா எலி பார்த்துக்காதா?"

முப்பத்தொன்றாம் வயதில் அவள் மறுபடி மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா அதற்கும் சந்தோஷப்படவில்லை. "ஒரு டாக்டர் பத்தலைன்னு இன்னொரு டாக்டரா? நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள என் முட்டியே காணாமப் போயிடும்டி" என்றாள்.

எலிகளின் வலி அவளுடைய ஒன்பது வருஷத்தைத் தின்றிருந்தது. ஜன்னல் இல்லாத அறை, சுவர் நெடுக அடுக்கடுக்காகக் கூண்டுகள், எந்தச் சோப்பு போட்டாலும் விரலிடுக்கில் தங்கிவிடுகிற மரத்தூள் வாடை. எலியின் காலில் ஊசியால் வலியை ஏற்றுவார்கள். பாதி எலிகளுக்குப் புது மருந்து, பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். எதற்கு எது என்று அவளுக்குச் சொல்லமாட்டார்கள். எலியைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டு, கேமராவை ஓடவிட்டு, அவள் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவாள். பிறகு படங்களைப் பார்த்து மதிப்பெண் போடுவாள். கண் எவ்வளவு இடுங்கியிருக்கிறது, கன்னம் எவ்வளவு தட்டையாகிவிட்டது, காது எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது, மீசை விறைத்திருக்கிறதா. ஆயிரக்கணக்கான முகங்கள். கடைசியில் பஸ்ஸில் எதிர் சீட்டில் தூங்குகிறவரின் இமையைப் பார்த்தும் மனசு தானாக ஓர் எண்ணைச் சொல்ல ஆரம்பித்திருந்தது. பேச வாய் இல்லாததால்தான் எலி பொய் சொல்வதில்லை என்று அவள் நம்பினாள். மனுஷர்களுக்கும் வாயை மூடிவிட்டால் போதும், உண்மை முகத்துக்கு வந்துவிடும் என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் வருஷக் கடைசியில் பேராசிரியர் கணக்கை விரித்து வைத்தார். மூன்று எலிகள் மட்டும் முரண்டு பிடித்தன.

"சார், இந்த மூணுக்கும் மருந்து குடுத்தும் வலி கூடித்தான் இருக்கு."

"அது மூணும் எலியே இல்லம்மா. விதிவிலக்கு."

"விதிவிலக்குன்னு எப்படி சார் தெரியும்?"

"நம்ம முடிவுக்கு ஒத்து வரலையே, அதுலேர்ந்துதான்."

சிவப்புப் பேனாவால் மூன்று கோடுகள் போட்டார். அவள் ஆய்வுக் கட்டுரையிலிருந்து தன் பெயரையும் எடுத்துவிடச் சொன்னாள். அவர் கொஞ்சம்கூட வருத்தப்படாமல் அதே பேனாவால் அதையும் அடித்தார். அன்று மத்தியானம் காலிக் கூண்டுகளுக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு முகம்கூட அவளால் நிறுத்தப்பட்ட வலியின் முகம் இல்லை என்று யோசித்தாள். எல்லாம் அளக்கப்பட்ட வலி. அளந்து முடித்த பிறகு எலிகளை என்ன செய்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பல தடவை அவளே செய்திருக்கிறாள்.

மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில், ஏன் இந்தத் தொழில் என்று கேட்டிருந்த இடத்தில், அவள் ஒரே வரி எழுதினாள்: வலியை அளக்கிறவருக்கே அதை நிறுத்தும் கடமையும் இருக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அறுவை மருத்துவர் அதைச் சத்தமாகப் படித்தார்.

"யார் எழுதிக் குடுத்தது?"

"நானேதான் சார்."

"அழகா இருக்கு. அழகா இருக்கறதுதான் எனக்குப் பயமா இருக்கு." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் அவளுக்கு இடம் கொடுத்தார்.

ஐந்து வருஷம் கழித்து அவருடைய வார்டிலேயே பயிற்சிக்கு வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் அவரைப் பெரியவர் என்பார்கள். ஆள் குள்ளம்தான், குரல்தான் பெரிசு. தினமும் காலை ரவுண்ட்ஸில் எல்லோர் முன்னாலும் கேட்பார்: "என்ன எலி, இன்னைக்கு எத்தனை வலியை நிறுத்தின?" அவள் பதில் சொல்லமாட்டாள். ஆனால் ஒரு குறிப்பேட்டில் உண்மையிலேயே எழுதி வைத்திருந்தாள்.

அந்த வார்டில் ஜன்னலிலிருந்து இரண்டாவது கட்டிலில் ஏலக்காரர் இருந்தார். முப்பது வருஷம் பழைய இயந்திரங்கள், மூடிப்போன கடைகளின் சாமான்கள், யாரும் தேடி வராத வண்டிகள் எல்லாவற்றையும் மேடையில் நின்று கூவிக் கூவி விற்றவர். குடலில் கட்டி. பெரியவர் அந்தத் துண்டை வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருந்தார். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வார்டின் பெரிய சிஸ்டர், ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம் பாக்கி உள்ளவர், சார்ட்டும் பேனாவுமாக வந்து நின்றார்.

"வலி பத்துக்கு எத்தனை இருக்கும், சொல்லுங்க."

ஏலக்காரர் தலையணையில் தலையை நிமிர்த்திக்கொண்டார். "எட்டு! எட்டுக்கு யாரு? ஜன்னல் ஓரம் எட்டரை கேட்குது. எட்டரை, எட்டரை... இதோ ஒன்பது! ஒன்பது ஒரு தரம். ஒன்பது ரெண்டு தரம்..."

"பத்து!" என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

"உங்களுக்குக் கட்டுப்படியாகாது, பேசாம படுங்க. ஒன்பது மூணு தரம்! சிஸ்டர், எழுதிக்கோங்க. சரக்கு உங்களுது."

வார்டே சிரித்தது. அவருடைய மனைவி, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தவர், "இந்த மனுஷனுக்கு வயித்தைத்தான் தைக்க முடியும், வாயைத் தைக்க முடியாது" என்று சொல்லிவிட்டுத் தானும் சிரித்தார். அவர் சிரித்ததில் நான்கு நாள் பயமும் கழன்று விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

எலி டாக்டர் சிரிக்கவில்லை. அவள் ஏலக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நன்றாக அகன்றிருந்தது. புருவ நடுவில் ஒரு சுருக்கம் இல்லை. கன்னம் உருண்டு நின்றது. உதட்டோரம் மேலே போயிருந்தது. ஒன்பது வருஷப் பழக்கம் உள்ளேயிருந்து சொன்னது: இரண்டு.

சிஸ்டர் சார்ட்டில் ஒன்பது என்று எழுதியிருந்தார். அவள் பேனாவை வாங்கி அந்த ஒன்பதின் மேல் ஒரே ஒரு கோடு போட்டாள். கோடு நேராக இருந்தது. அடித்தது தெரிய வேண்டும், அடிபட்டதையும் படிக்க முடிய வேண்டும். ஆராய்ச்சிக் கூடத்தின் ஒழுக்கம் அது. பக்கத்தில் இரண்டு என்று எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டாள்.

"நோயாளி சொன்னதைத்தான் எழுதணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க டாக்டர்" என்றார் சிஸ்டர்.

"அவர் வேடிக்கை காட்டறார் சிஸ்டர். பேச்சை எழுதாதீங்க, முகத்தை எழுதுங்க. ஒன்பதுன்னு எழுதினா பலமான ஊசி போடணும். அதைப் போட்டா குடல் தூங்கிடும். இப்பதான் அது முழிக்கணும்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. பாடப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது.

"பல்ஸ் நூத்திப் பன்னண்டு இருக்கே."

"இவ்வளவு கூவினா யாருக்கும் ஏறும்."

"பெரியவரை ஒரு வார்த்தை கேட்டுடலாமா?"

"ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கார். நான் பார்த்துக்கறேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நானே வந்து பார்ப்பேன்."

சொன்னபடி வந்தாள். சோம்பேறியாக இருந்திருந்தால் அந்த மனுஷன் பிழைத்திருக்கலாம். வேறு யாராவது போன் பண்ணி வேறு யாராவது வந்திருப்பார்கள். அவள் ஒரு தடவைகூடத் தவறவில்லை. கட்டில் பக்கத்தில் நின்று, தன் நிழல் அவர் முகத்தில் விழாதபடி சற்றுத் தள்ளி, கவனமாகப் பார்த்தாள். அவளைக் கண்டதும் ஏலக்காரர் முகம் மலரும். "வாங்க டாக்டரம்மா, விலை பார்க்க வந்தீங்களா?" என்பார். இரண்டு. இரண்டு. மூன்று. மறுபடி இரண்டு. வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். இறுகியிருந்தது. "சிரிக்கிறதை நிறுத்துங்க சார், வயிறு இறுகுது" என்றாள். அவர் சரி சரி என்று இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

நாலு மணிக்கு மனைவி முகம் கழுவப் போயிருந்த சமயத்தில் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டாக்டரம்மா, விளையாட்டை விடுங்க. நிஜமாவே ஒன்பதுதான்."

"ஒன்பதுன்னா உங்களால இப்படிப் பேச முடியாது சார். ஒன்பது எப்படி இருக்கும்னு நான் பார்த்திருக்கேன்."

"யாருகிட்ட?"

அவளுக்குப் பொய் சொல்ல வராது. "எலிகிட்ட" என்றாள்.

"எலி ஏலம் விடாதே டாக்டரம்மா." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது, சிரிப்பால் வந்தது என்று அவள் எடுத்துக்கொண்டாள். "மேடைல நிக்கிறப்போ விக்கிறவனும் என் மூஞ்சியைப் பார்ப்பான், வாங்கறவனும் என் மூஞ்சியைப் பார்ப்பான். இந்தப் பொருள் எவ்வளவுக்குப் போகும்னு எனக்குத் தெரியும். அது மூஞ்சில தெரிஞ்சா அன்னைக்கே என் தொழில் காலி. முப்பது வருஷமா அதைப் பழக்கி வச்சிருக்கேன். இப்போ நானே சொன்னாலும் அது கேட்க மாட்டேங்குது."

எவ்வளவு ரசமாகப் பேசுகிறார் என்று அவள் நினைத்தாள். இவரைப் பற்றி என்றாவது ஒருநாள் எழுத வேண்டும் என்றுகூட நினைத்தாள். சார்ட்டில் இரண்டு என்று எழுதினாள். ஏலக்காரர் தலையைத் தூக்கி அதை எட்டிப் பார்த்தார்.

"சரி. நீங்க படிச்சவங்க. ரெண்டுன்னா ரெண்டு."

தியேட்டரிலிருந்து பெரியவர் போன் பண்ணினார். "என்ன, என் குடல் எப்படி இருக்கு?" தான் தைத்த எல்லாவற்றையும் அவர் என் குடல், என் ஈரல் என்றுதான் சொல்வார்.

"நல்லா இருக்கு சார். பல்ஸ் கொஞ்சம் அதிகம். ஆனா வலி இல்ல. ஜோக் அடிச்சுட்டு இருக்கார்."

"ஜோக் அடிக்கிறானா? அப்போ சரி."

வீட்டுக்குக் கிளம்பும் முன் அடுத்த டியூட்டிக்காரரிடமும் சொல்லிவிட்டுப் போனாள்: அவர் எண்ணை ஏற்றித்தான் சொல்வார், முகத்தைப் பாருங்கள். அந்தப் பையன் அவளை மதிக்கிறவன். அவள் சொன்னபடியே செய்தான்.

மறுநாள் காலை பக்கத்துக் கட்டில்காரர், "என்ன அண்ணே, இன்னைக்கு விலை ஏறலையா?" என்று கேட்டார்.

"சந்தை மந்தம். ஒன்பதிலேயே நிக்குது."

மனைவி இரண்டாவது தடவையாகச் சிரித்தார். எலி டாக்டர் இரண்டு என்று எழுதினாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பார்வையாளர்கள் கும்பலாக நின்றுகொண்டிருந்தபோது பார்க்க வந்த தன் தம்பியிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்த ஏலக்காரர் நடு வாக்கியத்தில் நிறுத்தினார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதனால் ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. மிச்சத்தைச் சொல்லப்போகிறார் என்று எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர்தான் ஓடி வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். நாடி நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

பெரியவர் வயிற்றைத் திறந்தார். தைத்த இடம் விட்டுப்போயிருந்தது. "ஒரு நாளைக்கு மேலயே ஒழுகியிருக்கு" என்றார் கையுறையைக் கழற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல். அவளும் பக்கத்தில்தான் நின்றாள். எத்தனை பாட்டில் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள் என்பதை எண்ணிக்கொண்டிருந்தாள், வேறெதையும் நினைக்காமல் இருப்பதற்காக. தொண்டையில் குழாயோடு இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து, மூன்றாம் நாள் காலை ஏழரைக்கு அவர் இறந்துபோனார்.

வார்டில் கட்டில் காலியாகிவிட்டது. மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்த சிஸ்டரிடம் போய் நின்றாள் அவள்.

"நீங்க அந்தப் பக்கம் போனதும் அவர் சுவர் பக்கம் திரும்பிப்பார்" என்றார் சிஸ்டர், துடைப்பதை நிறுத்தாமல். "யாரும் பார்க்காதப்போ தலையணையைக் கடிச்சுட்டு இருப்பார். உறையை நான் மூணு தடவை மாத்தினேன். கிழிஞ்சிருந்துச்சு."

"ஏன் சிஸ்டர் என்கிட்ட சொல்லலை?"

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "சொன்னேனே. ஒன்பதுன்னு எழுதினேன். நீங்க அடிச்சீங்க."

அவளுக்குக் கண்ணாடிப் பெட்டி ஞாபகம் வந்தது. கேமராவை ஓடவிட்டு ஒவ்வொரு தடவையும் அவள் ஏன் வெளியே போனாள்? மனுஷ வாடை பட்டால் எலி வலியைக் காட்டாது. பார்க்கிறவர் எதிரில் நின்றால் அதன் முகம் சாதாரண முகமாகிவிடும். ஆராய்ச்சிக் கூடத்தில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். ஆயிரம் எலிகளுக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றவள், ஒரு மனுஷனுக்காக ஒரு தடவை வெளியே போகவில்லை.

பெரியவரின் அறையில் சார்ட் மேஜைமேல் இருந்தது. அவள் கோடு போட்ட தாள் அதில் இல்லை. புதுத் தாளில் யாரோ நிதானமான கையெழுத்தில் எண்களை எழுதியிருந்தார்கள். அவளுடைய கையெழுத்து எங்கேயும் இல்லை. நாடித் துடிப்பு கூடியதைச் செவிலியர் உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை என்று கீழே ஒரு வரி இருந்தது.

"சிஸ்டருக்குத் திங்கட்கிழமைலேர்ந்து துணிக் கிடங்குல வேலை" என்றார் பெரியவர். "பதினாலு மாசம். போர்வை எண்ணிட்டு இருக்கட்டும். சம்பளம் குறையாது. உன் பேர் இதுல எங்கயும் இல்ல. சந்தோஷப்படு."

"இது பொய் சார். அவங்க சொன்னாங்க. அடிச்சது நான். உங்ககிட்ட போன்ல நல்லா இருக்கார்னு சொன்னதும் நான்."

"தெரியும். ஜோக் அடிக்கிறான்னா சரின்னு சொன்னது நான். அதையும் சேர்த்துக்க."

"என் பேரைப் போடுங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த ஆராய்ச்சிக் கூடத்துல பேரை எடுங்கன்னு சொன்னியாம். இங்க பேரைப் போடுங்கன்னு சொல்ற. உனக்கு எப்பவும் உன் பேரைப் பத்தித்தான் கவலை, எலி. வலியைப் பத்தி இல்ல."

அவளுக்கு அழுகை வரவில்லை. அவர் சொன்னது சரியா தப்பா என்று யோசித்தாள். யோசிக்கும்போதே அது சரி என்பது மாதிரி இருந்தது.

"ஒரு வழி இருக்கு" என்றார் அவர், கொஞ்சம் இரக்கத்தோடுகூட. "குடும்பத்துல யாராவது எழுத்துல புகார் குடுக்கட்டும். குடுத்தா நான் மறைக்க முடியாது. விசாரணை வரும், பழைய தாள் வெளிய வரும், சிஸ்டர் வார்டுக்குத் திரும்புவாங்க. நீ வீட்டுக்குப் போவ. நானும் போவேனோ என்னவோ. அந்த அம்மா கீழதான் உட்கார்ந்திருக்காங்க. போய்ச் சொல்லேன். சொல்லு பார்க்கலாம்."

அவள் படியிறங்கிப் போனாள்.

உடலை ஒப்படைக்கும் அலுவலகத்துக்கு வெளியே நீளமான பெஞ்சு ஒன்று இருந்தது. ஏலக்காரரின் மனைவி அதன் ஓரத்தில், பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கணவருடைய செருப்பு, கண்ணாடி, சீப்பு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில். தம்பி காகிதங்களுக்காக உள்ளே போயிருந்தார். எலி டாக்டரைப் பார்த்ததும் அந்த அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார்.

"வாங்க டாக்டர். உங்களை மாதிரி யாரும் வந்து வந்து பார்த்ததில்ல. அவரே சொன்னார், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் வராங்கன்னு."

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. ஒன்பது என்று அவர் சொன்னது, தான் அடித்தது, ஏன் அடித்தது, எத்தனை தடவை இரண்டு என்று எழுதியது, மாலையில் அவர் தனியாகச் சொன்னது, தலையணை உறை, மாற்றப்பட்ட தாள், கிடங்குக்குப் போகிற சிஸ்டர். ஒரு கட்டுரையைப் படிப்பது போல வரிசையாகச் சொல்லி முடித்தாள். நீங்கள் நாலு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றாள்.

அந்த அம்மா வெகுநேரம் பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்போ அந்த ஒன்பது..."

"நிஜம்."

"எவ்வளவு நேரம்?"

கேட்டால் சொல்ல வேண்டும். அவள் அப்படித்தான் வாழ்ந்திருந்தாள். "மூணாம் நாள் காலைல பத்து மணிலேர்ந்து அடுத்த நாள் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும். முப்பத்தோரு மணி நேரம்."

"நான் பக்கத்துலயேதானே இருந்தேன்."

"ஆமா."

"நான் சிரிச்சேன்ல?"

அவள் பார்வை பிளாஸ்டிக் பைக்குப் போனது.

"சொல்லு. நீதான் எல்லாத்தையும் எழுதி வைக்கிறவளாச்சே. சிரிச்சேனா இல்லையா?"

"சிரிச்சீங்க."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை."

அந்த அம்மாவுக்கு அழுகை வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. பார்க்கத் துணிவில்லாமல் பெஞ்சின் காலைப் பார்த்தாள்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து இந்த ஆளோட ஜோக்குக்கு நான் சிரிச்சதே இல்ல" என்றார் அந்த அம்மா. "அறுவைன்னு திட்டுவேன். அவர் செத்துப்போற நேரத்துல போய்ச் சிரிச்சிருக்கேன். அவர் மனசு தெம்பா இருக்கட்டும்னு சிரிச்சேன். அவர் நல்லா ஆயிட்டார்னு நினைச்சேன்." மடியிலிருந்த பையைத் திருப்பி வைத்தார். "பத்து நிமிஷம் முன்னாடி வரைக்கும் அது எனக்கு ஒரு நல்ல ஞாபகம்."

"என்னை மன்னிச்சிடுங்கன்னு கேட்க நான் வரல. உங்களுக்கு உண்மை தெரியணும்னுதான்..."

"எனக்குத் தெரியணும்னு நான் கேட்டேனா?"

"அந்த சிஸ்டர் எந்தத் தப்பும் பண்ணல. நீங்க எழுதிக் குடுத்தா..."

"எழுதினா விசாரணை வைப்பாங்க. என்னைக் கூப்பிட்டுக் கேட்பாங்க. அவர் ஒன்பதுன்னு சொன்னப்போ நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு கேட்பாங்க. அவர் தம்பி முன்னாடி, என் பிள்ளைங்க முன்னாடி நான் சொல்லணும். அதானே?"

அவள் இதை யோசித்திருக்கவில்லை. ஐந்து மாடி இறங்கி வரும்போது எல்லாவற்றையும் யோசித்ததாக நினைத்திருந்தாள்.

"உனக்கு இப்போ பாரம் இறங்கிடுச்சா?" என்று கேட்டார் அந்த அம்மா. குரலில் கோபம்கூட இல்லை. "மூஞ்சியைப் பார்த்தா அப்படித் தெரியல. ஆனா அதை வச்சு என்ன சொல்றது."

கதவு திறந்து தம்பி வந்தார். ஒரு கையில் காகிதக் கட்டு, இன்னொரு கையில் இரண்டு கோப்பை டீ. மூன்று நாள் தூங்காத கண். டாக்டரைப் பார்த்ததும் அவசரமாகக் காகிதத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"என்ன அண்ணி, டாக்டர் என்ன சொல்றாங்க?"

அந்த அம்மா எலி டாக்டரை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க அண்ணன் கடைசி வரைக்கும் வலி தெரியாமத்தான் போனாராம். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்திருக்காங்க."

தம்பியின் முகம் உடைந்தது. அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. "நிஜமா டாக்டர்? இதுதான் என்னைத் தின்னுட்டு இருந்துச்சு. வலிச்சிருக்குமோ, வாய்விட்டுச் சொல்லாம இருந்திருப்பாரோன்னு... நிஜமாவா?"

அந்த அம்மாவின் கண் அவளை விட்டு நகரவில்லை. அதில் கெஞ்சல் இல்லை. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்துகொள்ளும் ஆவல்கூட இல்லை. தான் தூக்கவேண்டியதைத் தூக்கிக்கொண்டுவிட்டேன், உன்னுடையதை நீ எடு என்பது போல அது நிலைத்து நின்றது.

மேலே, வார்டில், சிஸ்டர் தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருப்பார் என்று அவள் நினைத்தாள்.

"ஆமா" என்றாள்.

"எந்த வலியும் இல்லையே?"

"இல்ல."

அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இந்தக் காலத்தில் எந்த டாக்டர் கீழே இறங்கி வந்து சொல்கிறார், நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றார். பிறகு நினைவு வந்தவராகத் தனக்கென்று வாங்கிவந்த கோப்பையை அவளிடம் நீட்டினார். "குடிங்க டாக்டர். நீங்களும் காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

"வேண்டாம், பரவாயில்ல..."

"குடி" என்றார் அந்த அம்மா. "நின்னுட்டே குடிச்சா நெஞ்சுல நிக்கும். உட்கார்ந்து குடி."

அவள் பெஞ்சில் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீ ரொம்பச் சூடாக இருந்தது. நாக்கு பொத்துப்போனது. தம்பி எதிரில் நின்று, அண்ணன் மேடையில் எப்படிப் பேசுவார், எப்படி ஒரு தடவை உடைந்த தராசு ஒன்றை இரண்டு பேர் சண்டை போட்டு வாங்கும்படி செய்தார் என்று சொல்லத் தொடங்கினார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. அழுதுகொண்டே சிரித்து, டாக்டரும் சிரிப்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சிரித்தாள். அந்த அம்மா தன் கோப்பையைத் தொடாமல், அவளுடைய கோப்பை காலியாகும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.